ஒரு தொட்டி வெந்நீர்

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டு. நான் ஷவர் கட்சி, என் தங்கையின் கணவர் தொட்டிக் கட்சி. குழாயைத் திறந்தோமா, ஐந்து நிமிடம் நின்றோமா, துவட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தோமா என்று இருப்பவள் நான். படுத்துக்கொண்டு குளிக்க நான் என்ன எருமையா என்று அவர் காதில் விழும்படியே சொல்வேன். அவர் அசைந்து கொடுக்க மாட்டார். நின்றுகொண்டு குளிப்பது மழையில் மாட்டிக்கொண்ட மாதிரி, அதற்குக் குளியல் என்று பெயரா என்பார். தங்கை இரண்டு கட்சியிலும் சேரவில்லை. வெந்நீர் ஒரு தொட்டிக்குத்தான் வரும், அதற்குமேல் யார் குளித்தாலும் பச்சைத் தண்ணீர்தான் என்று மட்டும் அறிவித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள்.

நான் தையல் கடையில் வேலை செய்கிறேன். கல்யாணம் முறிந்த பிறகு தங்கை வீட்டு முன்னறையில் கட்டில் போட்டுக்கொண்டவள். கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இராது. அவர்களுடைய ஒரே மகளுக்கு ஆழாக்கு என்று பட்டப்பெயர் வைத்ததும் நான்தான். அரிசி அளக்கிற ஆழாக்கு மாதிரி, நாலு வயதுக்கு அவள் உயரம் அவ்வளவுதான். பேச்சு மட்டும் காது கிழியும். தெருவில் போகிறவரை நிறுத்தி, உங்கள் செருப்பு ஏன் அழுகிறது என்று கேட்பாள்.

மாப்பிள்ளைக்குப் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலையில் வேலை. மாலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது புருவம்கூடச் சாம்பல் பூத்திருக்கும். அந்தத் தூசு நல்லதல்ல என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பூட்ஸ் வாசலுக்கு வெளியே நிற்கும். அவர் உடுப்பைத் தனி வாளியில் ஊறவைப்பாள் தங்கை, மகளின் துணியோடு ஒரு நாளும் சேர்க்க மாட்டாள். குளிக்காமல் அவர் மகளைத் தூக்கியதும் கிடையாது. எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தோம். தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அழுக்கைப் போக்குவதுதானே தண்ணீர்.

அவர் தொட்டியில் இறங்கித் தலைக்குச் சோப்புப் போட்டு முடிப்பதற்குள் ஆழாக்கு கதவைத் தட்டுவாள். அடுத்த நிமிடம் அவளும் உள்ளே. அங்கே அவள் டீக்கடை வைத்திருந்தாள். தொட்டித் தண்ணீரை மஞ்சள் பிளாஸ்டிக் கப்பில் மொண்டு, "அப்பா, இந்தா டீ" என்று நீட்டுவாள். அவர் உறிஞ்சுவது போல் சத்தம் எழுப்பிவிட்டு, அவள் திரும்பியதும் கவிழ்த்துவிடுவார். "சர்க்கரை போதுமா?" என்று கேட்பாள் கடைக்காரி. அவர் போதாது என்பார். நாலு வயதுக்காரிக்குக் குடிப்பது போல் நடிக்கத் தெரியுமா? ருசி பார்க்கிறேன் என்று அவள் நிஜமாகவே ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள். சிரிப்புச் சத்தம் கீழ்வீடு வரைக்கும் கேட்கும். எனக்கும் குளியலறை வாசலில் ஒரு கப் வரும். வாங்கி வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு, உன் கடை டீ வாயில் வைக்க விளங்கவில்லை என்பேன்.

பிறகு அவள் சாப்பாட்டைத் தள்ள ஆரம்பித்தாள். வயிறு வலிக்கிறது என்று சுருண்டுகொள்வாள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்துப் பார்த்தோம். முகம் வெளிறிக்கொண்டே போனது. மூச்சுவிடாமல் பேசுகிறவள் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை நாங்கள் எடுத்து வைத்திருப்பது போல் எங்கள் முகத்தைப் பார்ப்பாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் ஈயம் என்றார்கள்.

மாப்பிள்ளை அப்போது ஆலையில் இருந்தார். டாக்டரம்மா என்னையும் தங்கையையும் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டுச் சுவர், பொம்மைகள், குடிதண்ணீர், அப்பாவின் வேலை. பிறகு, அவர் எங்கே குளிப்பார், ஷவரா தொட்டியா என்றார். எங்கள் வீட்டுச் சண்டை இவருக்கு எப்படித் தெரியும் என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு அசட்டுச் சிரிப்பு வந்தது. தொட்டி என்றாள் தங்கை. குழந்தை? அவளும் அவரோடுதான். அந்தத் தண்ணீரைக் குடிப்பாளா? நான்தான் டீக்கடையைப் பற்றிச் சொன்னேன்.

வீடு பழையது, சுவர் பெயிண்டாக இருக்கக்கூடாதா என்று தங்கை கேட்டாள். கேட்டது பிச்சை கேட்பது போல் இருந்தது. பெயிண்டைப் பெயர்த்துத் தின்னாமல் சுவரிலிருந்து இவ்வளவு வராது, தொட்டிதான் என்று டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். ரத்தத்தில் இருப்பதை மருந்து வெளியேற்றிவிடும், மூளையில் கெட்டுப்போனது சரியாகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் தங்கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருகிட்ட பெயிண்டுன்னு சொல்லிடுவோம்க்கா. தன்னாலதான்னு தெரிஞ்சா அந்த மனுஷன் உசிரோட இருக்க மாட்டாரு."

எனக்குப் பொய் ஆகாது. அவர் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சண்டை பிடித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒப்புக்கொண்டேன். தொட்டிக் குளியல் அன்றோடு சரி என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். வீட்டுக்குப் போனதும் தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கி, மஞ்சள் கப்போடு சேர்த்துக் குப்பையில் போட்டேன். கீழ்வீட்டில் ஒழுகுகிறது, இனி தொட்டி கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டதாக அவரிடம் சொன்னேன். அவர், சரி அக்கா என்றார்.

பெயிண்ட் என்று சொன்னதற்கும் சரி என்றுதான் சொன்னார். மகள் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஈரத்துணியும் தகட்டுக் கத்தியுமாகச் சுவரைச் சுரண்டினார். தங்கை பக்கத்தில் நின்று துணியைப் பிழிந்து கொடுத்தாள். பாவம் அறியாத சுவரை இரண்டு பேரும் அப்படிச் சுரண்டுவதைப் பார்க்கச் சகிக்காமல் நான் கடையிலேயே கிடந்தேன்.

ஆழாக்கு வீடு திரும்பிய பிறகு அவர் தாமதமாக வர ஆரம்பித்தார். அவர் வரும்போது அவள் தூங்கிப்போயிருப்பாள். இத்தனை சீக்கிரம் மகள் கசந்துவிட்டாளா, இல்லை எங்கேயாவது உட்கார்ந்து குடிக்கிறாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் கடையைப் பூட்டும்போது கம்பெனி பஸ் கடந்துபோனது. அதில் அவர் இல்லை. இன்றைக்கு விடுவதில்லை என்று தெரு முக்கிலேயே நின்றேன். நெடுநேரம் கழித்து அவர் நடந்து வந்தார். நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். தெருவிளக்கடியில் அவர் தலை ஈரமாக மின்னியது. அன்றைக்கு மழை இல்லை.

"ஆலையிலேயே குளிச்சிட்டு வர்றீங்களா?" என்றேன்.

சைரன் ஊதிப் பத்து நிமிடத்தில் பஸ் கிளம்பிவிடுமாம். அத்தனை பேருக்கும் நாலே ஷவர். வரிசையில் நின்றால் பஸ் போய்விடும், நடந்துதான் வரவேண்டும். நடந்து வந்தால் மகள் தூங்கிவிடுவாள் என்றுதான் இத்தனை வருடமும் தூசோடு பஸ் ஏறியிருக்கிறார். இதை ஒரு நாளும் வாய்திறந்து சொன்னதில்லை. நான் எருமை என்று சொன்னபோதும் சிரித்துக்கொண்டு போனார்.

"ஈயம்னு சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சுக்கா. இந்தத் தெரு முழுக்க இதே பெயிண்ட்தான். மத்த பிள்ளைங்க நல்லாத்தானே இருக்கு."

அப்படியானால் அந்தச் சுவரை ஏன் சுரண்டினீர்கள் என்று கேட்டேன்.

"உங்க தங்கச்சி, நான் நம்பிட்டேன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. அப்படியே இருக்கட்டும். நீங்களும் சொல்லிடாதீங்க."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பஸ்ஸை இன்னும் அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் அந்த ஆலை என்ன இடிந்தா விழும்? யாரிடம் போய் இதைக் கேட்பது? வேலையை விட்டுத் தொலையுங்கள் என்று வாய்வரைக்கும் வந்தது. விட்டால் வேறு எங்கே போவார் என்று எனக்கும் தெரியவில்லை. வீடு வரைக்கும் அவர் கூடவே நடந்தேன்.

அன்றைக்கு ஆழாக்கு தூங்காமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, கப்பைத் தேடிக் குளியலறைக்குள் போனாள். அங்கே இல்லை. சமையலறையிலிருந்து ஒரு வெறும் டம்ளரைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள்.

"அப்பா, இந்தா..."

அடுத்த வார்த்தை வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சமையலறை வாசலில் நின்ற தங்கை சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு, மகளுக்கு எதிரே மண்டியிட்டுக் காத்திருந்தார். தலையிலிருந்து ஈரம் சொட்டி அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"தண்ணி," என்றாள் கடைசியில்.

அவர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து, உறிஞ்சும் சத்தத்தோடு குடித்து முடித்தார். சர்க்கரை போதுமா என்று அவள் கேட்பாள் என்று நாங்கள் மூன்று பேரும் காத்துக்கொண்டிருந்தோம்.