அழகிக்கு வந்தது

காரைக்குடியில் அறிவியல் கூட்டம் நடந்த அரங்கின் திரையில் தன் அம்மாவின் முகம் வந்து நின்றபோது தீபலட்சுமிக்கு முதலில் அடையாளமே பிடிபடவில்லை. அவிழ்ந்த தலைமுடி, மேலே செருகிய கண், துருத்திய நாக்கு, வாயோரம் எச்சில், தோளைவிட்டு நழுவிய சேலை. நாச்சியாபுரம் கோயிலில் அம்மா அழகிக்குச் சாமி வந்தபோது சித்தப்பா குழந்தைவேலு எடுத்த வீடியோ அது. வலிப்பா என்று பார்க்கவேண்டும் என நரம்பு டாக்டர் கேட்டதால் தீபலட்சுமிதான் அவருக்கு அனுப்பியிருந்தாள்.

மூளையையும் கடவுளையும் பற்றி அந்த டாக்டர் பேசுவதைக் கேட்கத்தான் அவள் வந்திருந்தாள். மேடையில் அவர் உற்சாகமாக இருந்தார். "மூளையில இந்த இடத்துல சின்னதா ஒரு மின்சாரக் கசிவு. அதுக்குப் பேருதான் ஆத்தா. மாத்திரை கொடுத்தேன், ஆத்தா ஊரைக் காலி பண்ணிட்டா."

அரங்கம் சிரித்தது. பின்வரிசையில் எவனோ அம்மாவைப் போலவே நாக்கைத் துருத்த, சிரிப்பு இன்னும் கூடியது. தீபலட்சுமி எழுந்தாள்.

"அது எங்க அம்மா. நிறுத்துங்க."

"பேரைச் சொல்லலையேம்மா. இது அறிவியலுக்காக."

"மொகத்தைக் காட்டுனீக. அப்புறம் பேரு எதுக்கு?"

விறுவிறுவென்று வெளியேறி பஸ் பிடித்தாள். ஊரில் இறங்கினால், கோயில் முக்கில் திருவிழா பிளெக்ஸ். அதிலும் அதே முகம். எச்சிலை அழித்து அந்த இடத்தில் குங்குமம் பூசியிருந்தார்கள். கயிறு கட்டிக்கொண்டிருந்த சித்தப்பா அவளைப் பார்த்துப் பல்லிளித்தார்.

"தீபா, திருவிழா முடியுற வரைக்கும் அம்மாவை மாத்திரை போட வேணாம்னு சொல்லு. மருந்து உள்ள போனா சாமி எறங்க மாட்டேங்குது."

"விழுந்து மண்டை ஒடைஞ்சா?"

"ஆத்தா பாத்துக்கிருவா."

வெற்றிலைச் சாறு வழிந்த அந்த வாயைப் பார்க்கவே கூசியது. கீழே கிடந்த கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். அவர் வையவைய, பிளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அழகி முழுவதையும் கேட்டுக்கொண்டாள். "எம் மாராப்பு வெலகிக் கெடந்துச்சே, எடுத்துப் போட ஒருத்தருக்கும் கை வரலையா?"

"உனக்கு வந்தது சாமியாம்மா, வலிப்பா?"

"டாக்டர் சொல்றது நெசமாத்தான் இருக்கும். மாத்திரை போட்டா நின்னுபோகுதே. ஆனா அந்த நேரம், செத்துப்போன உங்கண்ணன் எம் பக்கத்துல வந்து உக்காந்திருப்பான். அது எந்த நரம்புன்னு சொன்னாரா?"

"சொல்லலை."

அழகி மாத்திரையை வாயில் போட்டு, முகம் கோண விழுங்கினாள். "அந்த பிளெக்ஸை வைக்கப்போர் மேல போடு, மழைக்கு ஆகும். மொகத்தை உள்பக்கமாத் திருப்பிப் போடு."

தீபலட்சுமி போட்டுவிட்டு வந்து, தன் போனிலிருந்த வீடியோவை அழித்தாள். மற்றவர்கள் போனில் இருப்பதை என்ன செய்வது?