அரை மணி நேரத் தாழ்ப்பாள்

எங்கள் ஊரில் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருக்கும். உள்பக்கத் தாழ்ப்பாள்களை எல்லாம் அரசாங்கம் கழற்றிக்கொண்டு போய் மூன்று வருஷமாகிறது. மக்களைக் காப்பாற்ற வருகிறவர்கள் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கலாமா? நியாயம்தானே.

செண்பகவடிவுக்குப் புருஷன் போய் ஒரு மாதம். பதினாறு நாளும் துக்கம் கேட்க வந்தவர்களைக் கட்டிக்கொண்டு ஊருக்காக அழுது தீர்த்துவிட்டாள். தனக்கென்று ஒரு தடவை, கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்காமல் அழ வேண்டும் என்று இருந்தது. பாவம், கதவைச் சாத்தினாலும் யாராவது திறந்துகொண்டு வந்தார்கள். அரை மணி நேரத்துக்கு உள்தாழ்ப்பாள் கேட்டு மனுப் போட்டாள்.

அரசாங்கத்தில் இருப்பவர்கள் ஒன்றும் கல்நெஞ்சுக்காரர்கள் இல்லை. மனுப் போட்ட பதினோராம் நாளே தாழ்ப்பாள் ஆய்வாளர் ஆறுமுகநயினார் வந்துவிட்டார். கூடவே தெருக்காரர்கள் இரண்டு பேர். உள்பக்கம் தாழ்ப்பாளைப் பொருத்தி, இறுக்கிப் போட்டுவிட்டு, மூவரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"நீங்க வெளியே போகலையா சார்?"

"நாங்க போயிட்டா, நீங்க தனியாத்தான் இருந்தீங்கன்னு யாரும்மா கையெழுத்துப் போடுறது?"

அதுவும் சரிதான். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கண்ணீர் வருவேனா என்றது. பயன்படுத்தாத அனுமதி ரத்தாகிவிடுமாம். ஆறுமுகநயினார் நல்ல மனுஷன். அவளுக்காக அவரே கொஞ்சம் அழுதார். சாட்சிகள் மூக்கைச் சிந்தினார்கள். அழுகை திருப்தி என்று அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஏற்பாடு பிரமாதம் என்று, அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊருக்கே தனிமை வழங்கினார்கள். பாதிப் பேருக்குத் தனிமை, மீதிப் பேர் அங்கே சாட்சி. ஏற்கெனவே வாங்கியவள் என்பதால் செண்பகவடிவுக்கு இரண்டும் இல்லை. வாசலுக்கு வந்து பார்த்தாள். தெருவில் ஈ காக்காய் கிடையாது.

நட்டநடுத் தெருவில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷமாக வாயால் சொல்லாத புருஷன் பெயரை, "ஏ சுடலைமுத்து!" என்று உரக்கக் கூப்பிட்டு, ஆசை தீர அழுதாள். சத்தம் எல்லா வீட்டுக்குள்ளும் கேட்டிருக்கும். வந்து பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை.

மறுநாள் காலையில் பால் வாங்கக் கிளம்பினாள். தெருமுனையில் புதிதாக நட்ட கதவில் ஆறுமுகநயினார் ஏணி மேல் நின்று தெருவுக்குத் தாழ்ப்பாள் பொருத்திக்கொண்டிருந்தார். வெளிப்பக்கம்.

"ஏணியைக் கொஞ்சம் பிடிங்கம்மா."

செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.