ராம்செஸின் கடைவாய்ப்பல்

ஆல்பினின் வலது கன்னம் பன் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. ரங்கூனின் பசுந்தாங் பகுதியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஏழாம் மாடியில், பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் பிடிக்க ஆரம்பித்ததிலிருந்து அவன் ஒளிந்து கிடக்கிறான். தம்பி மலேசியா போய்விட்டான் என்று அக்கா ஹன்னா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். மலேசியாவில் இருப்பவன் பசுந்தாங்கில் பல் டாக்டரிடம் போய் நிற்க முடியுமா?

வலியை மறக்கலாம் என்று போனைத் திறந்தால் அங்கேயும் பல்தான். எகிப்து மன்னன் ராம்செஸின் மம்மியை எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். ரத்தக் குழாய்கள் இறுகி, பற்கள் தேய்ந்து, தாடையில் சீழ் கட்டிய குழி. அந்தச் சீழே ஆளைக் கொண்டுபோயிருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்களாம். அத்தனை பெரிய ராஜாவின் சொத்தைப் பல்லைப் பிடுங்க ஒருத்தனுக்கும் துப்பில்லை! ஆல்பின் தன் தாடையைத் தடவிப் பார்த்தான். உடம்பு வேறு கொதித்தது.

ஊருக்கு வெளியே லைங் தாயாவில் தையல் கம்பெனி வேலையில் இருந்த ஹன்னாவைப் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, செத்துருவேன் போல இருக்கு."

"எனக்குப் பல்வலின்னு கீழ மருந்துக் கடை பாய்கிட்ட சொல்றேன். சோறு வர்ற கயிறுலயே மாத்திரையும் வரும்."

ரங்கூன் மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரை கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப். சோற்றுக் கடைக்காரன் மத்தியானம் பொட்டலத்தை மாட்டுவான், ஆல்பின் குனிந்தபடியே இழுத்துக்கொள்வான். கயிற்றுக்கு முகமா இருக்கிறது என்பது அக்கா தம்பி இருவரின் கெட்டிக்காரத்தனம்.

மாத்திரை வந்தது. கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். இருப்பது ஒரே கதவு. இன்னொரு வழி பால்கனி, அது நேரே மேலோகத்துக்கு.

"தொற தம்பி, மருந்துக் கடை பர்கத்துல்லா. மாத்திரைக்கெல்லாம் இது அடங்காது."

கதவைத் திறந்தால், பாய்க்குப் பக்கத்தில் அவர் மருமகள் சைதா, பல் டாக்டர், பையோடு மூச்சிரைக்க நின்றாள்.

"பாய், நான் இங்க இருக்கிறது..."

"உங்க அக்கா விடிஞ்சதும் கம்பெனி பஸ் ஏறிருது. மத்தியானம் கயிறு மேல போவுதே, பேயா இழுக்குது? தெருவுக்கே தெரியும்ப்பா."

ஆல்பினுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. விளக்குப் போடாமல், இருமலைக்கூடத் தலையணையில் அமுக்கி, இத்தனை நாள் பிணமாகக் கிடந்ததெல்லாம் யாருக்காக?

"இன்னைக்கு யாரோ புது ஆளு தெருவுல நின்னு இந்தக் கயித்தை அண்ணாந்து பாத்துட்டுப் போனான்," என்றார் பாய். "பல்லை எடுத்த கையோட வேற எடம் போயிரு."

எங்கே போவது என்று கேட்க ஆல்பின் வாயைத் திறந்தான். அதற்காகவே காத்திருந்த சைதா ஊசியைப் போட்டாள்.