மூன்றாவது வரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மருந்துக் கவரில் எழுதியிருந்த மூன்றாவது வரியிலிருந்து வந்தது. முதல் இரண்டு வரிகளை அன்றே படித்துவிட்டேன்.

நான் சிமெண்டு குடோனில் மூட்டை தூக்குகிறவன். நாற்பத்தேழு வயதில்தான் எழுத்துப் படித்தேன். சொல்லிக்கொடுத்தவள் என் மனைவி. என் வாக்கியங்கள் நடுவழியில் மூட்டையை இறக்கி வைத்து மூச்சு வாங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘அன்று வானம் கறுத்துக் கிடந்த—’ (அடித்துவிட்டேன். அன்று நான் வானத்தைப் பார்க்கவே இல்லை.)

‘அவளுக்குக் காய்ச்சல் கண்ட நாலாம் நாள்—’ (வேண்டாம். நேராக நடுவில் போய் விழுகிறது.)

‘மருந்துக்கடையில் நான் பீற்றிக்கொண்டேன்.’ இது இருக்கட்டும்.

அந்த மருந்துக்கடைப் பெண் எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஒவ்வொரு மாத்திரையையும் காட்டி, வாயால் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைப்பாள். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு அன்றும் ஆரம்பித்தாள்.

“அண்ணே, இது சிறுநீர்ல இருக்கிற கிருமிக்கு. அண்ணிக்குக் காலைல ஒண்ணு—”

“எழுதிக் குடும்மா. இப்பதான் நான் படிக்கிறேன்ல.”

“அட! எப்பலேர்ந்து?”

“ஆறு மாசமாச்சு. பேப்பர்கூடப் படிக்கிறேன்.”

“அப்ப என் தொண்டை பிழைச்சுது” என்று சிரித்து, கவரில் மூன்று வரி எழுதித் தந்தாள்.

வீட்டுக்கு வந்து படித்தேன். காலை ஒன்று. மாலை ஒன்று. அட்டையில் இருந்த பெயரையும் விடவில்லை: சிப்-ரோ-ஃப்ளாக்-ச-சின்.* அதிலேயே கண் களைத்துவிட்டது. மூன்றாவது வரி நீளமாக இருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று கவரை அலமாரியில் வைத்தேன்.

* குயினோலோன் என்கிற குடும்பமாம். அந்தக் குடும்பத்தில் நிறையப் பேருக்குக் கடைசியில் இந்த ‘ஃப்ளாக்சசின்’ உண்டு, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மூக்கு இருப்பதுபோல.

3

காய்ச்சலில் என் மனைவி எதுவும் சாப்பிடவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் புண்ணாகிவிடும் என்று, வேலைக்குக் கிளம்புமுன் பால் காய்ச்சி, ஆற்றி, தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தேன். மூட்டுவலிக்கு அவள் போடும் கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்தே கொடுத்தேன். ஒரே தடவை எழுந்து உட்கார்ந்தால் போதுமே. காலையிலும் மாலையிலும் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

நாலாம் நாள் கட்டிலே ஆடுகிற அளவுக்கு நடுங்கினாள்.

4

ஆஸ்பத்திரி டாக்டர் கையில், முதல் நாளே கொடுத்திருந்த சிறுநீரின் ரிப்போர்ட். “கிருமியை வளர்த்துப் பார்த்தாச்சு. இந்த மருந்துக்கு அது செத்திருக்கணும். மாத்திரையை நடுவுல விட்டுட்டீங்களா?”

“ஒரு வேளைகூட விடலைங்க.”

“எதோட குடுத்தீங்க?”

கட்டிலிலிருந்து அவள் சொன்னாள்: “பாலோட. நான்தான் பால் வேணும்னு அடம்பிடிச்சேன் டாக்டர். கால்சியம் மாத்திரையும் நானாப் போட்டுக்கிட்டேன். இவரு வேணாம்னுதான் சொன்னாரு.”

அவளுக்குப் பாலே பிடிக்காது. ஆடையைப் பார்த்தாலே குமட்டும்.

“அதான் விஷயம். கால்சியம் இந்த மருந்தைக் கட்டிப் பிடிச்சுக்கும். குடல் உறிஞ்ச முடியாது, பாதிக்கு மேல வீணாப் போயிருக்கும். கிருமி கிட்னிக்கு ஏறிடுச்சு. ரத்தத்துல பரவாம இருக்கணும். அதே மருந்தை நரம்பு வழியா ஏத்துறேன்.”

(இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். ஐம்பது கிலோ மூட்டையை நாள் முழுக்கத் தூக்குகிறவன், ஒரு வாக்கியத்தைத் தூக்க முடியாமல் நின்றான் என்றால் நம்புவீர்களா? நின்றேன்.)

மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை. பயத்தில், அந்த மருந்து என்னதான் செய்யும் என்று டாக்டரிடம் கேட்டேன்.

“கயிறு முறுக்கிப் பார்த்திருக்கீங்களா? கிருமிக்குள்ள அப்படி ஒண்ணு இருக்கு. அதோட எழுத்தெல்லாம் அதுலதான். பெருகணும்னா அதைப் பிரிச்சு நகல் எடுக்கணும். பிரிக்கப் பிரிக்க மீதி இறுகிக்கும். வெட்டித் தளர்த்தி மறுபடி ஒட்டுறதுக்கு ஒரு கருவி வெச்சிருக்கு. வெட்டின நேரத்துல மருந்து போய்க் கருவியைப் பிடிச்சுக்கும். ஒட்ட விடாது.”

பாதி எழுத்தில் நின்றுபோகிற கிருமி. நானும் இரண்டு வரியில் நின்றவன்தான். என்னை எந்த மருந்தும் பிடித்துக்கொள்ளவில்லை.

5

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவள் நெற்றியில் வியர்வை. சீப்பு கேட்டாள். “இந்தத் தலையோட டாக்டரைப் பார்க்கவா?” என்றாள். அவள் பையைத் துழாவினேன். சீப்புக்கு அடியில், நாலாக மடித்து, அந்த மருந்துக் கவர்.

அங்கேயே நின்று படித்தேன். ‘பால், தயிர், கால்சியம் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.’ ஏழே சொல். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மிச்ச மாத்திரைகளை வெறும் தண்ணீரோடு கொடுத்தேன். குதிகாலுக்குப் பின்னால் தசைநாரில் வலித்தால் உடனே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். இந்த மருந்தால் அது அறுந்துபோவதும் உண்டாம். தினமும் அவள் குதிகாலை அமுக்கிப் பார்த்தேன்.

“வலிக்குதா?”

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பதான் உங்களுக்கு என் கால் கண்ணுல பட்டுது.”

“வலிக்குதான்னு கேட்டேன்.”

“இல்லைங்க. இன்னும் கொஞ்சம் அமுக்குங்க.”

6

முடிவுகள்.

ஒன்று: ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுதான் கவரை எடுத்துப் படித்தாள். வழியிலேயே எனக்காகப் பொய்யைத் தயார் செய்துகொண்டாள்.

இரண்டு: இரண்டாம் நாளே படித்துவிட்டாள். ஆனால் நான் வேலைக்கு நேரமாகியும் பாலை ஆற்றிக்கொண்டு நின்— (இதை எழுத முடியவில்லை.)

மூன்று: படிக்கவே இல்லை. கைக்குக் கிடைத்த காகிதத்தைப் பையில் போட்டாள். (இதுவாக இருக்கட்டும் என்று ஆசை. ஆனால் நாலாக மடித்திருந்தது.)

வாசகரே, நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இதை உங்களுக்கு முன்னால் படிக்கப்போகிறவள் ஒருத்தி இருக்கிறாள். நான் எழுதும் எல்லாவற்றையும் பென்சிலோடு உட்கார்ந்து திருத்துகிறவள். இந்த நோட்டை அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

பால் கேட்டது நீ இல்லை. கொடுத்தது நான். டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிவிட்டேன். அந்தக் கவரை நீ எப்போது படித்தாய்?

கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன். எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடைசிவரை படிப்பேன்.

………………………………………