இஞ்சி பிஸ்கட், எண் 147

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பைபிள் மேல் ஒரு கையும் நெஞ்சின் மேல் ஒரு கையும் வைத்துச் சொல்கிறேன். அப்படியானால் எழுதுவது எந்தக் கை என்று கேட்காதீர்கள். 1889-ல், நியூ ஜெர்சியில், பேசும் எந்திரம் செய்கிற ஒரு பட்டறையில், குரல் பதிகிற மெழுகை நான் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கதை அங்கே கிடைத்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. லெமுவேலின் நெஞ்சுக்குள்ளும்...' வேண்டாம். அது ஜூன் மாதம்.

2

லெமுவேல் ஹாஸ்கின்ஸ் அங்கே சோதனைக்காரர். எந்திரத்தின் குழலுக்குள் பேசினால், குரல் பட்டு அதிர மெல்லிய வட்டத் தகடு ஒன்று வேண்டும். கண்ணாடி, காகிதம், மைக்கா, பன்றியின் நீர்ப்பை என்று தட்டில் எது கிடந்தாலும் எண் போட்டு மாட்டுவார். "சூப்பில் உப்பில்லை" என்று குழலுக்குள் சொல்வார். திரும்ப ஓடவிட்டுப் பத்துக்கு மதிப்பெண் போடுவார். தட்டில் கிடப்பதை என்ன ஏது என்று கேட்கக் கூடாது. அது பட்டறை வழக்கம்.

நூற்று நாற்பத்தாறு தகடுகள் ஆயின. ஒன்றும் நாலைத் தாண்டவில்லை. சனிக்கிழமைக்குள் ஒன்றாவது தேறாவிட்டால் வேலை போய்விடும் என்று முதலாளி ப்ரூட்டர் சொல்லிவிட்டார்.

(லெமுவேலுக்கு நோயாளி மனைவி, மூன்று குழந்தைகள் என்று எழுதி அடித்துவிட்டேன். வேலை போவதே போதுமான துக்கம்.)

3

வெள்ளிக்கிழமை, 147. பக்கத்து நாற்காலியில் ஆள் உட்கார்ந்து குறைசொல்வதைப் போல எந்திரம் சூப்பைப் பற்றிப் பேசியது. லெமுவேல் ஒன்பது போட்டார். அப்போதுதான் கண்ணாடி ஊதுகிற ஓட்டோ வந்தார்.

"லெம், இங்க ஒரு இஞ்சி பிஸ்கட் வச்சேனே, பாத்தியா?"

"தட்டுலயா வச்ச?"

"பின்ன? வீட்ல ஹெட்விக் சுட்டது. கடிக்க முடியல. காப்பில ஊறப்போடலாம்னு..."

"அது இப்ப பேசுதுய்யா."

ஓட்டோ குழலில் காதை வைத்துக் கேட்டார்.

"இதையே வீட்ல நான் சொன்னா சட்டி பறக்குது. பிஸ்கட் சொன்னா நீ மார்க் போடுற."

4

முடிவுகள்.

(அ) பிஸ்கட்டை எலி தின்றுவிடுகிறது; லெமுவேல் பெட்டி கட்டுகிறார். கிழித்துப் போட்டேன். ஹெட்விக்கின் பிஸ்கட்டைத் தின்னக்கூடிய எலி நியூ ஜெர்சியில் இல்லை.

(ஆ) சனிக்கிழமை ப்ரூட்டர் 147-ஐ ஓடவிட்டுக் கேட்டார்.

"இது என்ன பொருள்?"

"ஜெர்மன் தயாரிப்பு சார்..." என்று ஆரம்பித்த லெமுவேலுக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை. "பிஸ்கட். ஓட்டோ சம்சாரம் சுட்டது."

ப்ரூட்டர் இன்னொரு தடவை ஓடவிட்டார்.

"இருநூறு வேணும். கூடவே இருந்து நீதான் பாத்துக்கணும்."

லெமுவேல் உட்கார்ந்துவிட்டார். ஆறு மாதமாகக் காதோரம் ஏறியிருந்த தோள்கள் இறங்கின. எனக்கும்தான். அவரை வீட்டுக்கு அனுப்பும் பக்கத்தை இனி நான் எழுத வேண்டியதில்லை.

(இ) ஹெட்விக்கிடம் யார் போய், எதற்கென்று சொல்லி, இருநூறு கேட்பது? அதை எழுத மாட்டேன். கதவை நீங்களே தட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு விவரம் விட்டுப்போயிற்று. ஆறு வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு இரண்டு காதும் கேட்காது.