பெரிய கங்காணியின் பெயர்

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அந்த வருடம் பிறந்த ஒன்பது ஆண்பிள்ளைகளுக்கும் வீரபத்திரன் என்றே பெயர் வைத்தார்கள். அது பெரிய கங்காணியின் பெயர். தன்மேல் இவ்வளவு மரியாதையா என்று மனிதர் பூரித்துப்போய் வீட்டுக்கு வீடு வெல்லம் கொடுத்தார்.

பிள்ளைகள் நடக்கத் தொடங்கியதும் சாயம் வெளுத்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவரிடம் வசவு வாங்கிய பெண்கள், சாயங்காலம் தங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று கத்தினார்கள்.

"எடுபட்ட பயலே வீரபத்திரா! திங்கிறதுக்குன்னே பொறந்தியாடா?"

கங்காணி பாய்ந்து வந்தார். "யாரைடி திட்டுறே?"

"எம் மகனைத்தாங்க," என்றாள் இராக்கம்மா, பணிவாக.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போனதும் அவர் மனைவி மெல்ல வந்தாள். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாதென்று இருபது வருடமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள்.

"இராக்கம்மா, நாளைக்கு இன்னும் கொஞ்சம் சத்தமா திட்டு. அடுப்படிக்குச் சரியா கேக்கல."