பெரிய வட்டம்

அந்த மேளப்பெட்டி எங்கள் வீட்டுக்குள் வந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. வேண்டுமா வேண்டாமா என்று ஆறு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். அது வாசல்படி ஏறும்போதே நான் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

கொண்டுவந்தவர் பாலகுமார். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிற இன்ஜினியர். வடக்கே எங்கேயோ மாற்றலாகி, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார். கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் விற்றாகிவிட்டது. மிச்சம் இது ஒன்றுதான். டி.வி.யில் மாட்டுகிற ஒரு கறுப்புப் பெட்டி, தாங்கியில் நிற்கிற ஒரு பிளாஸ்டிக் மேளம், இரண்டு குச்சி. டி.வி.யில் பாட்டு ஓடும். ஓரத்திலிருந்து வட்டங்கள் வரிசையாக நகர்ந்து வரும். சிவப்பு வட்டம் கோட்டைத் தொடும்போது மேளத்தின் நடுவில் அடிக்க வேண்டும். நீல வட்டம் என்றால் விளிம்பில். சரியாக அடித்தால் மார்க். இதற்குப் பெயர் வீடியோ கேமாம். மந்தாரக்குப்பத்தில் ஒருவர் கேட்டிருப்பதாகவும், ஆறு மணிக்கு வந்து எங்கள் பதிலைக் கேட்டுக்கொண்டு அவருக்குச் சொல்லப்போவதாகவும் பாலகுமார் சொன்னார். எதையாவது தலையில் கட்ட வருகிறவன் எல்லாம் இன்னொருத்தர் கேட்டிருக்கிறார் என்றுதான் சொல்வான்.

வாங்க நினைத்தது என் மருமகள் சரிதா. விளையாடுவதற்கு இல்லை. என் மகன் மதிவாணனின் இடது கைக்கு.

மதிவாணனுக்கு நாற்பத்திரண்டு வயது. நிலக்கரி மைன்ஸில் மண் தள்ளுகிற டோசர் வண்டிக்கு ஆபரேட்டர். போன ஆடி மாதம், பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டான். இடது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு திரும்ப வந்தது. கால் வந்தது. கை மட்டும் பாதி வழி வந்து நின்றுவிட்டது. எட்டு மாதமாக லீவு. வருகிற வியாழக்கிழமை மெடிக்கல் போர்டு. டாக்டர்கள் கையைப் பார்த்துத் தேறிவிட்டது என்று எழுதினால் மறுபடியும் டோசரில் ஏறலாம். இல்லையென்றால் லீவு நீளும், அல்லது ஆபீசில் பைல் எடுத்துக் கொடுக்கிற லைட் டூட்டி. லைட் டூட்டி என்ற சொல் காதில் விழுந்தாலே அவன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிடுவான்.

போர்டுக்கு அவனைத் தயார் பண்ணியது நான். போய்வந்தவர்களைப் பிடித்து டீக்கடையில் உட்காரவைத்து, என்னென்ன செய்யச் சொன்னார்கள் என்று கேட்டு வைத்திருந்தேன். சட்டைப் பொத்தானைப் போடச் சொல்வார்கள். மேசையில் ஐந்து காசைப் பரப்பிப் பொறுக்கச் சொல்வார்கள். தண்ணீர் டம்ளரைச் சிந்தாமல் தூக்கச் சொல்வார்கள். டாக்டரின் விரலைப் பிடித்து இறுக்கச் சொல்வார்கள். அவ்வளவுதான் போர்டு. இந்த நான்கையும் தினமும் காலையில் உட்காரவைத்துச் செய்யவைத்தேன். ஆரம்பத்தில் ஐந்து காசு பொறுக்க ஒரு நிமிஷம் ஆனது. இப்போது நான் பத்து எண்ணுவதற்குள் முடித்துவிடுகிறான்.

எனக்கு இது புது வழி இல்லை. நான் ஐந்தாவதோடு நின்றவன். அதே மைன்ஸில், மண் ஓடுகிற பெல்ட்டுக்குக் கீழே சிந்துவதை மம்மட்டியால் வாரிப் போடுகிற வேலையில் இருந்தேன். அந்த நாளிலேயே எனக்கு இடது கண் மங்கல். கண் பரிசோதனை வந்தபோது, எனக்கு முன்னால் உள்ளே போய்வந்த குமரவேல் பலகையில் இருந்த எழுத்துகளை மேலிருந்து கீழே வரிசையாகச் சொன்னான். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் ஒப்பித்தேன். பாஸ். அதற்கப்புறம் எத்தனையோ தடவை அதே பலகை, அதே ஒப்பிப்பு. ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஓட்டிவிட்டேன். இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் கைக்குப் பயிற்சி கொடுக்கிற கிருஷ்ணப்ரியா என்ற பெண் சரிதாவிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள். செய்து செய்து பழகின வேலையை வைத்துக் கை தேறிவிட்டது என்று நினைக்காதீர்கள், அடுத்தது என்ன வரும் என்று தெரியாமல் கை ஓட வேண்டும் என்றாளாம். பாட்டுக்கு மேளம் அடிக்கிற இந்த விளையாட்டைச் சொன்னதும் அவள்தான். சரிதா அதைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்குக் கமிஷன் இருக்கும் என்று சொன்னேன். பாலகுமாருக்கும் அவளுக்கும் என்ன மாமா சம்பந்தம் என்று கேட்டாள். சம்பந்தம் நமக்குத் தெரிந்தா நடக்கிறது என்றேன்.

சரிதா மேளத்தை மாட்டி, டி.வி.யைப் போட்டு, சத்தம் அடங்க அடியில் பழைய போர்வையை மடித்து வைத்தாள். மதிவாணன் நாற்காலியில் உட்கார்ந்தான். குச்சியைத் தொடவில்லை.

"பக்கத்து வூட்டுல கருணாகரன் அண்ணன் நைட் ஷிப்டு. தூங்குவாரு. இன்னைக்கு வேணாம்" என்றான்.

எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். பக்கத்தில் நைட் ஷிப்ட் முடித்தவர் படுத்திருந்தால் நாங்கள் மிக்ஸி போட மாட்டோம், அம்மியில் அரைக்க மாட்டோம். டவுன்ஷிப்பில் அது எழுதாத சட்டம். கருணாகரனுக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று எனக்கு மனப்பாடம். அவருக்கு நைட் ஷிப்ட் நேற்றே முடிந்துவிட்டது. இன்றைக்கு வார லீவு. காலையில் மீன் பையோடு போனவரை நானே பார்த்தேன். மகன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தது. தெரிந்துகொண்டே, ஆமாம், மனுஷன் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று நானும் ஒத்து ஊதினேன்.

சரிதா ஜன்னல் திரையை ஒதுக்கினாள்.

"தூங்கிக்கினேதான் வண்டி கழுவுறாரு போல. எட்டிப் பாருங்க மாமா."

நான் பார்க்கவில்லை. மதிவாணன் குச்சிகளை எடுத்தான்.

முதல் பாட்டு சுலபம். சின்ன வட்டங்கள், விட்டு விட்டு வந்தன. டொக், டொக் என்று அடித்தான். மார்க் ஏறிக்கொண்டே போனது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பார்த்தாயா, தேறிவிட்டான், இதை எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்டேன். சரிதா டி.வி.யைப் பார்க்கவே இல்லை. இடது கையைப் பாருங்கள் மாமா என்றாள். பார்த்தேன். இடது கைக் குச்சி தொடைமேல் கிடந்தது. நடுவிலும் விளிம்பிலும் மாற்றி மாற்றி அடித்ததெல்லாம் வலது கை.

அடுத்த பாட்டைப் போட்டாள். இதில் பெரிய வட்டங்கள் வந்தன. பெரிய வட்டத்துக்கு இரண்டு குச்சியும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். சரியாக விழுந்தால் அது பூ மாதிரி விரியும். தப்பினால் கறுத்துப் போகும்.

முதலாவது கறுத்தது. இரண்டாவது கறுத்தது. அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். மூன்றாவது, நான்காவது. பாட்டு முடியும்வரை ஒன்றுகூட விரியவில்லை.

மேளத்தின் இடது பக்கம் வேலை செய்யவில்லை என்றான். எனக்கும் அதுதான் பட்டது. கெட்டுப்போன சாமானைத் தள்ளிவிட்டு ஊரைப் பார்க்கப் போகிறான் அந்த ஆள் என்று நினைத்தேன். அதை நிரூபித்துவிட்டால் ஆறு மணி வரை காத்திருக்க வேண்டியதில்லை. இப்போதே கொண்டுபோய் அவர் வாசலில் வைத்துவிடலாம். குடு இங்கே என்று குச்சிகளை வாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். எனக்கு எழுபத்தொன்று. இடது கண் மங்கல் என்றாலும் பெரிய வட்டம் தெரியாமல் போகாது.

சின்ன வட்டங்களில் பாதியை விட்டேன். பெரியது ஒன்று வந்தது. இரண்டு கையையும் ஓங்கிப் போட்டேன்.

விரிந்தது.

அடுத்ததும் விரிந்தது. அதற்கடுத்ததை நான் அடிக்கவில்லை. குச்சிகளைக் கீழே வைத்துவிட்டேன். அடித்திருக்கவே கூடாது என்று அப்போதுதான் உறைத்தது.

நான் எழுந்ததும் மதிவாணன் வந்து உட்கார்ந்தான். மறுபடி போடு என்றான். மூன்று தடவை போட்டாள். நான் இப்போது டி.வி.யைப் பார்க்கவில்லை, சத்தத்தைக் கேட்டேன். வலது கை விழுந்த பிறகு, ஒன்று என்று எண்ணுகிற நேரம் கழித்து இடது கை விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அதே ஒன்று.

அந்த ஒன்று எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். டோசரில் முன்னால் இருக்கிற பிளேடை ஏற்றி இறக்குவது வலது கை. வண்டியைத் திருப்புவது இடது கை. மண் மேட்டின் விளிம்பில் தள்ளிக்கொண்டு போகும்போது, கீழே ஒருத்தன் கையைக் காட்டி நிறுத்துவான். அவன் கை தூக்கினபிறகு ஒன்று எண்ணிக்கொண்டிருந்தால் வண்டி எங்கே நிற்கும், அவன் எங்கே நிற்பான்?

மணி ஐந்து ஆகியிருந்தது. சரிதாதான் பேசினாள். வியாழக்கிழமை போர்டை இரண்டு மாதம் தள்ளிப்போடக் கேளுங்கள், அதற்குள் இதை வைத்துப் பழகலாம் என்றாள். மதிவாணன் குச்சியைத் தரையில் போட்டான்.

"போர்டுல மேளமா அடிக்கச் சொல்லப் போறாங்க? காசு பொறுக்கணும், பொத்தான் போடணும். அதான் வருதே. அப்பாதானே சொன்னாரு, அவ்ளோதான்னு."

என்னைப் பார்த்தான். சரிதாவும் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிரச்சினை முடிந்துபோயிருக்கும். மேளம் மந்தாரக்குப்பம் போயிருக்கும், அவன் டோசருக்குப் போயிருப்பான்.

"எனக்கு இடது கண்ணு தெரியாதுடா" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. பலகை எழுத்தை மனப்பாடம் பண்ணிப் பாஸானதை முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை.

"உங்களுக்கு ஒண்ணும் ஆவலையே?"

"ஆவல. ஆவாததாலதான் அதையே உனக்கும் சொல்லிக் குடுத்துக்கினு இருந்தேன். என் கையில இருந்தது மம்மட்டிடா. உன் கையில டோசரு."

அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். சரிதா பின்னால் போகப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். டி.வி.யில் அடுத்த பாட்டு தானாக ஓட, அடிக்க ஆளில்லாமல் வட்டங்கள் வந்து கறுத்துக்கொண்டிருந்தன. அதை நிறுத்தக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆறு மணிக்குச் சரியாக கேட் சத்தம் கேட்டது. பாலகுமார். என்ன முடிவு செய்தீர்கள் என்று வாசலில் நின்றபடியே கேட்டார். சரிதா என்னைப் பார்த்தாள். மூன்று மணிக்கே முடிவு செய்து வைத்திருந்தவன், கொல்லைப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். மதிவாணன் கொல்லையிலிருந்து வந்தான். முகம் கழுவியிருந்தான்.

"இருக்கட்டும் சார்" என்றான்.

ஆனால் போர்டைத் தள்ளிப்போடவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் சாயங்காலம் மேளம் அடித்தான். காலையில் எழுந்து காசும் பொறுக்கினான், நான் கேட்காமலே. இரண்டில் எதை நம்பி வியாழக்கிழமை போகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மூன்று நாளும் அவன் என்னோடு பேசவில்லை.

வியாழக்கிழமை கூடப் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. டாக்டர்கள் இருந்த அறைக்குக் கதவு திறந்து திரை மட்டும் தொங்கியது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேசுவது கேட்டது. பொத்தான் போடச் சொன்னார்கள். டம்ளர் வைக்கிற சத்தம். பிறகு மேசையில் காசு விழுகிற சத்தம். ஐந்து. நான் எண்ண ஆரம்பித்தேன். எட்டு வருவதற்குள் டாக்டர், நல்லா வந்துடுச்சே என்றார். பேப்பர் புரள்வது கேட்டது. அவன் பாஸாக வேண்டும் என்று நினைத்தேனா, ஆகக் கூடாது என்று நினைத்தேனா, இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

அப்போது மதிவாணன் குரல் கேட்டது.

"சார், இது வூட்டுல பழகிக்கினு வந்தது. மாசக்கணக்கா இதையேதான் செய்யறேன். பழகாதது எதாவது குடுத்துப் பாருங்க."

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு டாக்டர், நான் தட்டுகிற மாதிரி நீங்களும் இரண்டு கையாலும் தட்டுங்கள் என்றார். அவர் மேசையைத் தட்டினார். இரண்டு கையும் சேர்ந்து ஒரே சத்தம். அடுத்தது என் மகன். ஒரு தட்டு. ஒன்று. இன்னொரு தட்டு.

ஏழு தடவை தட்டச் சொன்னார்கள். ஏழு தடவையும் எண்ணினேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் உட்காரலாமா என்று யோசித்தேன். அவன் பக்கத்து சீட்டில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். உட்கார்ந்தேன். எங்கள் பிளாக்குக்கு இரண்டு ஸ்டாப் இருக்கும்போது வாயைத் திறந்தான்.

"கருணாகரன் அண்ணனுக்கு அடுத்த வாரம் என்ன ஷிப்டு?"

"முதல் ஷிப்டு. காலையில ஆறு மணிக்குப் போயிடுவாரு."

"அப்ப ரெண்டு மணி வரைக்கும் அடிக்கலாம்" என்றான்.